மறுமொழி: கைனகோமாஸ்டியாவுக்கு ‘ஆண் பால்சுரப்பி வீக்கம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்களுக்கு மார் பெருத்துவிடும் கைனகோமாஸ்டியாவுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், சென்ற வாரம் ‘மார்ப்பருமை’ என்று எழுதியவன் நான்தான். அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வீட்டில் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை.

எங்கள் தெருப் பையன், வயது 24. ஜிம்தான் கதி என்று கிடப்பவன். மாஸ்டர் பேச்சைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட ஆரம்பித்தான். தோளும் கையும் ஏறின, கூடவே மாரும் ஏறியது. இப்போது ஊசியை விட்டுவிட்டான், மார் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த வெயிலிலும் உள்ளே இறுக்கமான பனியன், மேலே இரண்டு அளவு பெரிய கருப்பு டி-ஷர்ட், தோளை முன்னால் தள்ளிக் கூனி ஒரு நடை. வீட்டில் “மார்ல சின்னக் கட்டி, ஆபரேஷன் பண்ணணும்” என்று சொல்லிவிட்டான். கட்டி என்றால் அம்மாவுக்கு வேறு என்ன தோன்றும்? இரண்டு நாள் அழுகை. நான் நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளை மொழிபெயர்க்கிறவன் என்பதால், மருத்துவர் எழுதிய சீட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். நானும் கொஞ்சம் பெருமையாகவே “இது மார்ப்பருமைம்மா” என்றேன்.

“பருமனா? அப்ப சோத்தைக் குறைச்சாப் போதுமே, எதுக்கு கத்தி?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தப்பு சொல்லில் இருந்தது. கைனகோமாஸ்டியா என்றால் சுரப்பித் திசு வளர்வது. வெறும் கொழுப்பு சேர்ந்து மார் தொங்குவது வேறு. காம்புக்கு நேர் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் சுரப்பி தனி வட்டாக, ரப்பர் போலக் கையில் தட்டும். கொழுப்பு எங்கே தொட்டாலும் ஒரேமாதிரி குழையும். கொழுப்பு என்றால் உடல் இளைக்க இளைக்க ஓரளவு குறையும். சுரப்பி பட்டினிக்கு மசியாது. இந்த வித்தியாசத்தை மறைக்கிற சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, இழையின் தலைப்பில் இருக்கும் ‘ஆண் பால்சுரப்பி வீக்கம்’. பால்சுரப்பி பாடநூல்களில் புழங்குகிற சொல்தான். ஆனால் முன்னால் ‘ஆண்’ சேர்த்ததும் அது ‘ஆண்பால் சுரப்பி’ ஆகிவிடுகிறது. இடைவெளியை நம்பி ஒரு கலைச்சொல் வாழ முடியாது, மருந்துச்சீட்டில் எவர் இடைவெளி பார்த்து எழுதுகிறார்? ‘வீக்கம்’ என்றாலோ அடிபட்டு வீங்கியது, ஒத்தடம் கொடுத்தால் வடியும் என்று தோன்றும்.

‘பெண்மார்பு நோய்’ என்று சொன்ன நண்பருக்கு: கிரேக்க மூலத்தில் கைனே என்றால் பெண், மஸ்தோஸ் என்றால் முலை, ஒத்துக்கொள்கிறேன். வேர்ச்சொல்லுக்கு நேர்மையான பெயர்ப்புதான். ஆனால் அந்தப் பெயரோடு பழியும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா ஊர்ப் பவுல் என்ற கிரேக்க மருத்துவர் இதற்கு அறுவை முறை எழுதியபோதே, பெண்தன்மை என்ற ஏச்சு வருவதால் அறுக்கலாம் என்றுதான் காரணம் சொன்னார். மார்புக்குக் கீழே பிறைபோல ஒரு கீறல், உள்ளிருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுத் தையல். பிறந்த ஆண் குழந்தைக்குத் தாயின் ஹார்மோனால் மார் தடிப்பது உண்டு. மீசை அரும்பும் வயதில் பல பையன்களுக்கு வந்து தானே அடங்கும். கல்லீரல் கெட்டவருக்கும், ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடும் கிழவருக்கும் வரும். இவர்களில் யாரைப் பார்த்துப் ‘பெண்’ என்ற சொல்லை எடுப்பது? அந்தப் பையன் இதை வாயால் சொல்லவே மாட்டான். மறுபடி ‘கட்டி’ என்றுதான் சொல்வான்.

டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கு ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏற்றுகிற டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி எஸ்ட்ரடையோல் என்ற எஸ்ட்ரோஜனாக (பெண் ஹார்மோன்) மாற்றிவிடுகிறது. ஏற்றுவது கூடினால் மாறுவதும் கூடும். வெளியிலிருந்து தாராளமாக வருகிறதே என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்புவதை நிறுத்த, விதைகள் தூங்கிவிடும். ஊசியை விட்டபிறகு அவை விழிக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் எஸ்ட்ரோஜன் கை ஓங்கிவிடும். ‘ஊசியை நிறுத்தின பிறகுதான் கைனோ பெரிசாச்சு’ என்று ஜிம் பையன்கள் சொல்வது கதையில்லை. வலியும் கூச்சமும் இருக்கும் ஆரம்ப மாதங்களில் எஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரைக்குச் சுரப்பி கொஞ்சம் கட்டுப்படும். ஓர் ஆண்டு போல் ஆகிவிட்டால் நாராக இறுகிவிடும், அப்புறம் கத்திதான்.

கத்தி என்றதும் இன்னொரு சொல் சிக்கல். ‘முலை நீக்கம்’ புற்றுநோய் வார்டுச் சொல்லாகிவிட்டது. ‘மார்பகக் குறைப்பு’ பெண்களுக்கான வேறொரு அறுவையைக் குறிக்கும். இங்கே நடப்பது என்ன? காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்விளிம்பில் அரைவட்டமாகக் கீறுகிறார்கள். தழும்பு கருப்பும் வெளுப்பும் சேரும் கோட்டில் ஒளிந்துகொள்ளும் (1946இல் வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர் எழுதிய முறை). அதன் வழியே சுரப்பியை அறுத்தெடுப்பார்கள், சுற்றியுள்ள கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். சுரப்பி முழுவதையும் வழித்துவிடக் கூடாது. காம்புக்கு அடியில் ஒரு வில்லை விட்டுவைக்காவிட்டால் அந்த இடம் தட்டுபோலக் குழிந்துவிடும். பிறகு சில வாரம் இறுக்கமான உள்ளாடை. மறுபடி ஊசி பக்கம் போனால் அந்த வில்லையே திரும்ப வளரலாம்.

ஆக, என் புது முன்மொழிவு: நோய்க்கு ‘மார்ச்சுரப்பிப் பெருக்கம்’, தேவைப்பட்டால் முன்னால் ‘ஆண்’. அறுவைக்கு ‘மார்ச்சுரப்பி அகற்றல்’. மார்ச்சளி என்று புழங்குகிறோமே, அந்தச் சந்திதான், யாருக்கும் நாக்கு தடுக்காது. ‘வளர்ச்சி’ என்று போடாததற்குக் காரணம், ஸ்கேன் எடுத்த இடத்தில் “வளர்ச்சி இருக்கு” என்றாலே குலை நடுங்குகிறவர்கள் நாம்.

இதையும் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “சுரப்பின்னா, எனக்குத் தைராய்டு இருக்கே, அந்த மாதிரியா?” என்றார். ஆமாம், அதே மாதிரி ஒன்று அவனுக்கு மாரில் பெருத்துவிட்டது என்றேன். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார்.

கொழுப்பு மட்டும் சேர்ந்த வகைக்கு, ஆங்கிலத்தில் இருப்பதுபோல் ‘போலி’ (pseudo) என்ற அடைமொழி வேண்டாம், அது உள்ளவன் மார் ஒன்றும் போலியில்லை. ‘மார்க்கொழுப்பு’ என்று விட்டுவிடலாம். “உனக்கு உடம்பெல்லாம் கொழுப்பு” என்று ஏற்கெனவே திட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்கள் இந்தச் சொல்லை என்ன பாடு படுத்துவார்களோ என்ற பயம் மட்டும்தான். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.