புதுப்பிப்பு: பூவாற்றுச் சீட்டு அறைக்குப் போய்வந்தேன்

கேரளத்தின் பூவாறு கடற்கரைப் பக்கம் காசு வைக்காமல் போக்கர் ஆட இடம் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன்; களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டிச் சென்று பார்த்துவிட்டேன், இடம் உண்டு.

மீன்வலை விற்கும் கடையின் மாடியில் ஒரே ஓர் அறை, இரண்டு மேசைகள். சில்லுகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவை அனைத்தும் ஒரே டப்பாவுக்குத் திரும்பிவிடுகின்றன. கையில் இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு என்னும் டெக்ஸாஸ் ஹோல்டம் ஒரு மேசையில் நடக்கிறது. அறையின் உயிர் என்னவோ மற்ற மேசையில் நடக்கும் இருபத்தெட்டு என்னும் சீட்டாட்டம்தான்: 32 சீட்டுகளில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என நான்கு இனச் சீட்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் 28 புள்ளிகள். முதல் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்து ஏலம் கேட்டு, எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும் என்பதால், போக்கரில் நாம் தேடும் ஊகமும் துணிவும் இதில் இன்னும் கூர்மையாக இருக்கின்றன என்பதே என் எண்ணம்.

மலையாளம் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். “வாருங்க அண்ணே, இரியுங்க” என்று இடம் ஒதுக்கித் தரும் குமரி மாவட்டத்தார் பலர் அங்கே உண்டு. காசு வைத்து ஆட நினைப்பவர்கள் மட்டும் போக வேண்டாம், அவர்களை உட்கார விடுவதில்லை.