காற்றில்லாத விடியலிலும் கடல் சீறுவது ஏன்?

கேள்வி: குமரி மாவட்டக் கரையிலிருந்து சிறிய ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் போடச் செல்பவன் நான். சென்ற வாரம் இலைகூட அசையாத விடியலில் இறக்கியபோது, கரையலை வள்ளத்தின் முன்முனையான அணியத்தைத் தூக்கியடித்து, ஐஸ் பெட்டி கடலில் போய்விட்டது. காற்று அறிவிப்பை மட்டும் பார்த்துப் புறப்படுவது போதாதா?

பதில் 1: போதாது ஐயா. நீங்கள் கண்டது கள்ளக்கடலாக இருக்கலாம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் கடுங்காற்று எழுப்பிய நீண்ட அலைகள் பல நாட்கள் பயணித்து, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையை வந்து அறையும். ஆகவே ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பில் உயரத்தோடு நிற்காமல், ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்குமான நேர இடைவெளியையும் பாருங்கள். அது 15 வினாடியைத் தாண்டினால், உயரம் குறைவாகத் தெரியும் அலைகூடக் கரையருகே எழும்பி முரட்டுத்தனமாக உடையும்.

பதில் 2: பெரிய அலைகள் கூட்டமாகவே வருமாதலால், நான் கால் மணி நேரமாவது மணலில் நின்று பார்த்த பிறகே வள்ளத்தைத் தள்ளுவேன். வெளிக்கடலில் நுரைத்தலைகள் பரவலாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அன்று வலை பின்னுவதே மேல்.

பதில் 3: நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், காற்றுக்கு எதிராக ஓடுகிறதா என்றும் பாருங்கள், அப்போது அலை குறுகிச் செங்குத்தாகும். துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.