அரை கிரவுண்டில் 600 சதுர அடி வீடு: முற்றமும் மரமும் சென்னையில் சாத்தியமா?

மண்வாசனை:
முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்ட் மனை இருக்கிறது, 1,200 சதுர அடி. 30க்கு 40, கிழக்குப் பார்த்த தெரு. நான், மனைவி, பெண், என் அம்மா, நான்கு பேர்தான். மனையின் ஓரம் வரை கட்டு, மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு 600 சதுர அடியில் ஒரே தளம், மண்கல் சுவர், நடுவில் முற்றம் போதும். மீதி 600 அடியில் சிமென்டே படக் கூடாது. பின்பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது, அதை வெட்ட மாட்டேன். இந்த மாதிரி கட்டியவர்களும் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

சைட்_இன்ஜினியர்:
சார், 22 வருடமாகத் தென்சென்னையில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். முற்றத்தை முதலில் விட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றம் நன்றாக இருக்கிறதென்றால் அந்த வீடு அவ்வளவு பெரியது, சுற்றி அகலமான தாழ்வாரம் இருக்கிறது, சாரல் அதைத் தாண்டி அறைக்குள் வராது. 600 அடிக்குள் 8க்கு 8 முற்றம் வைத்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு, நவம்பர் மழையில் ஹாலே நனையும், கொசுவலை அடித்தால் காற்றும் வராது.

அப்புறம் மண்கல். ஆரோவில்லில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் கல் நன்றாக நிற்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அங்கே செம்மண். உங்கள் பக்கம் நான் தோண்டிய மனைகளில் எல்லாம் ஏரி மண், களி. சிமென்ட் மட்டும் போட்டால் வெடிக்கும், மணலோ சுண்ணாம்போ சேர்க்க வேண்டும். வெளியூரிலிருந்து லாரியில் மண் கொண்டுவந்து கட்டினால் அது எப்படி இயற்கை வீடாகும்?

ஐந்தாவது_மாடி:
நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிக் கட்டுவதே சரியில்லை என்பது என் கருத்து. அயனாவரத்தில் 640 சதுர அடி ஃபிளாட்டில் இருக்கிறேன், 40 குடும்பத்துக்கு ஒரே கூரை, ஒரே கிணறு, பக்கத்து வீட்டுச் சுவர்தான் என் சுவரும். கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, பஸ் போதும். நாங்கள் 40 பேரும் ஆளுக்கு அரை கிரவுண்ட் வாங்கி மரம் வைத்து வீடு கட்டக் கிளம்பினால் எந்த ஏரியை மூடுவது? முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன நடந்ததென்று உங்களுக்கே தெரியும். தண்ணீருக்குச் சொந்தமான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு இயற்கையோடு வாழ்கிறேன் என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மண்வாசனை:
கோபமில்லை, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இது அப்பா 1998இல் வாங்கிய மனை, விற்றால் வாங்குகிறவர் ஓரம் வரைதான் கட்டுவார். உங்கள் ஃபிளாட்டில் கீழே கார் நிறுத்துமிடம் முழுக்கக் கல் பதித்திருப்பார்களே, பெய்கிற மழை எங்கே போகிறது?

ஐந்தாவது_மாடி:
2003இலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, எங்களுக்கும் குழாய் இருக்கிறது.

பூவரசு:
குழாய் இருக்கிறது, சரி. அது போய்ச் சேரும் குழியைக் கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்? நாங்கள் முன்பு இருந்த அபார்ட்மென்டில் குழாய் நேராகத் தெருக் கால்வாயில் விழுந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுதான் அதையே கண்டுபிடித்தோம்.

இப்போது கீழ்க்கட்டளையில் 700 அடி தனி வீடு, ஆறு வருடமாகிறது. கணக்கு சொல்கிறேன். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. உங்கள் 600 அடி கூரையில் மட்டும் ஏறக்குறைய 78,000 லிட்டர் விழும், சிந்தினது சிதறினது போக 60,000 என்று வையுங்கள். நான்கு பேருக்கு நூறு நாளைக்கு மேல் வரும்.

சைட்_இன்ஜினியர்:
மேடம், கணக்கு சரி. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 10,000 லிட்டர் சம்ப் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும், நவம்பரில் அந்தப் பக்கம் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர், கிணறும் குடிக்காது. மிச்சத்தை எங்கே வைப்பார்?

பூவரசு:
எங்கேயும் வைக்க வேண்டாம் சார், அது மனையிலேயே நிற்கட்டும். இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் மனை முழுக்க மண் அடித்து தெருவைவிட உயர்த்துகிறார்கள், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. வீட்டை மட்டும் 2015 வெள்ளக் கோட்டுக்கு மேலே பேஸ்மென்ட் எடுங்கள், தோட்டத்தைப் பள்ளமாகவே விட்டுவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் மழை நின்றால் நான்கைந்து நாள் முழங்கால் தண்ணீர் இருக்கும், வாழையும் கல்வாழையும் தாங்குகின்றன, அப்புறம் தானாக இறங்கிவிடும். குளியலறைத் தண்ணீரும் அங்கேதான் போகிறது. 2016 வர்தா புயலில் ஊரெல்லாம் மரம் சாய்ந்தது தெரியுமில்லையா, அதனால் குல்மோகர் பக்கமே போகாதீர்கள், வேம்பும் பூவரசும் போதும்.

சைட்_இன்ஜினியர்:
பேஸ்மென்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். செலவு கூடும், ஆனால் சரியான வழி.

சுவருக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறி முறையை யோசியுங்கள். சாதாரணச் செங்கல்தான், படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டுவது, நடுவில் காற்று இடைவெளி நிற்கும். செங்கல் கால்வாசி மிச்சமாகும், சூடும் உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். ஒன்று, பழகிய கொத்தனார் வேண்டும், வயர் எங்கே ஓடும் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளுங்கள், மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கிழக்கிலும் தெற்கிலும் பெரிய ஜன்னல், கடற்காற்று அங்கிருந்துதான் வரும். நம் ஊர் புழுக்கத்தில் காற்று உடம்பில் பட்டால்தான் ஆறுதல், குளம் வைத்துக் குளிர்விக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தாவது_மாடி:
பள்ளத் தோட்ட யோசனை நல்லது, மறுக்கவில்லை. வேலைக்கு எதில் போவீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

மண்வாசனை:
தாம்பரம் வரை சைக்கிள் அல்லது பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு ரயில். இப்போதும் அப்படித்தான். கார் வாங்கப் போவதில்லை, அதனால் வாசலில் கார் நிறுத்தக் கல் பதிக்கும் வேலையும் இல்லை.

முற்றத்தை எடுத்துவிடுகிறேன். உண்மையில் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, எங்கள் தாத்தா வீட்டு முற்றத்தில்தான் வளர்ந்தேன். அதற்குப் பதில் கிழக்கே ஆறடி தாழ்வாரமும் திண்ணையும். மண்கல் இல்லை, எலிப்பொறிச் சுவர். ஐந்தாவது மாடி சொன்ன ஏரி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அந்த 600 அடியில் ஒரு கல்கூடப் பதிக்காமல் இருப்பதைத்தான் என்னால் செய்ய முடியும்.

சைட்_இன்ஜினியர்:
வேப்பமரத்துக்கும் பின் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி?

மண்வாசனை:
ஏழு அடி.

சைட்_இன்ஜினியர்:
வேர் போகிற பக்கம் தொடர் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். அங்கே மட்டும் தூண் போட்டு மேலே பீம் ஓட்டுங்கள். தோண்டும் அன்று கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்.