எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை: அப்படி ஒரு நாள் உண்டா?

வைகைக்கரை

உண்டு. சரியாகச் சொன்னால் எனக்கல்ல, அப்பாவுக்கு. போன மார்கழியில் மதுரையிலிருந்து வந்திருந்தவரை மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். டிக்கெட் ஆளுக்கு 599 ரூபாய். அப்பாவிடம் நூறு என்று சொல்லிவைத்தேன். மேடையில் இருந்தவர் யார் என்று சொல்ல மாட்டேன், பாவம், நல்ல பையன். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்டுக்குள் மின்விசிறி வைப்பதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் சண்டை நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். அரங்கமே அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பணியில் இருந்த காலத்தில் மணியார்டர் படிவத்தைச் சரிபார்ப்பாரே, அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசை. அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயா, நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையே?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான்.

அப்பா எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "இல்லை தம்பி, நன்றாகத்தான் பேசுகிறீர்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். கூட்டம் ‘அச்சோ’ என்றது. பையன் மேடை விளிம்பு வரை வந்து கும்பிட்டான்.

அப்பாவுக்குப் பாம்புக் காது. அன்று இரவு போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஒலி வெளியே வராத அளவுக்குக் குறைத்து, சாலமன் பாப்பையாவின் பழைய பட்டிமன்றம் ஒன்றைக் கேட்டுக் குலுங்கிக்கொண்டிருந்தார். போர்வை குலுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாடிப்படி மைனா

பையனைச் சொல்லிக் குற்றமில்லை, தவறு உங்களுடையது. அப்பா அம்மாவோடு பார்க்க வேண்டுமென்றால் அலெக்சாண்டர் பாபுதான், வேறு பேச்சே இல்லை. 2020 ஊரடங்கில் அவருடைய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியை வீட்டில் போட்டேன். அம்மா அடுக்களையில் இருந்தார். பேச்சு ஓடிக்கொண்டிருந்தவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாட ஆரம்பித்ததும் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றவர்தான், அடுப்பில் தாளிப்பு கருகி வாசம் வரும்வரை நகரவில்லை. கடைசியில் சொன்னார்: "இந்தப் பிள்ளை இவ்வளவு நன்றாகப் பாடுகிறதே, நடுநடுவே ஏன் பேசுகிறது?"

ரசவாளி

மைனா, உங்கள் அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது கச்சேரி. சிரிப்பு என்றால் ‘கலக்கப் போவது யாரு’ காலத்துச் சிரிப்பு. விடுதி மெஸ்ஸில் ஒரே ஒரு தொலைக்காட்சி, எங்கள் இரண்டாம் ஆண்டு. கோவை குணா கவுண்டமணி குரலை எடுத்தார். எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் திரையைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிரம்பி, மேசை நிரம்பி, என் மடிக்கு வந்தது. கொதிக்கிற ரசம். நான் கத்தினேன். நான் கத்தியதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். 2023இல் குணா இறந்துபோன செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சூடுதான்.

இப்போதுள்ளவர்கள் ஒரு மணி நேரம் தம் மனக்கவலையைச் சொல்லிவிட்டு அதற்கு டிக்கெட் வாங்குகிறார்கள். மதுரை முத்து ஒரு நிமிடத்தில் நாலு கடி சொல்வார். மூன்று விழுந்தாலும் நாலாவது நிற்கும். கடி என்று முகத்தைச் சுளிப்பவர்கள் வீட்டுக்குள் பார்த்துச் சிரிப்பவர்கள்தான்.

ஐந்து நிமிடம்

ரசவாளி அண்ணன் மன்னிக்க வேண்டும். அன்று மெஸ்ஸில் சிரித்தது குணாவுக்கா, கவுண்டமணிக்கா? பலகுரல் எளிது என்று சொல்லவில்லை, எனக்கு என் குரலே சரியாக வராது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதுமே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது, ஐம்பது படங்களின் நினைவு உள்ளே கிடப்பதால். சொந்தக் குரலில் நிற்பவன் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறான்.

நான் இரண்டு வருடமாக ஓப்பன் மைக்கில், அதாவது புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடையில், ஏறுகிறேன். ஐந்து நிமிடம் தருவார்கள், நாலாவது நிமிடத்தில் பின்னாலிருந்து விளக்குக் காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தம் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற கலைஞர்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு தம் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மழை நாள், ஒரு காப்பிக்கடை மாடி. பதினொரு பேர். என் சிறந்த நகைச்சுவை என்று நான் நம்பியிருந்ததைச் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததற்குப் போவதற்காக, "எங்கள் அத்தை பெயர் கோமதி" என்றேன். அதில் நகைச்சுவையே இல்லை, வெறும் முன்னுரை. மழைக்கு ஒதுங்கிய ஒரு பாட்டி மூலையிலிருந்து கெக்கெக்கே என்று சிரித்தார். நிறுத்தவே இல்லை. அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார் என்று கேட்க இறங்குவதற்குள் மழை விட்டிருந்தது, பாட்டி போய்விட்டார். அதற்குப் பிறகு ‘கோமதி’யை ஏழு மேடைகளில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பட்டிமன்றம்தான் உயர்வு என்று பேசுபவர்களுக்கு ஒன்று. பாப்பையா ஐயா பேராசிரியர், லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். வகுப்பறை அவர்களுக்கு இருபது முப்பது வருட ஒத்திகை கொடுத்தது. எங்களுக்கு அந்தக் காப்பிக்கடை மாடிதான் வகுப்பறை.

பாதி டிகிரி

எல்லோரும் வடிவத்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. திருமண நாளுக்கு என்று கணவர் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார். இருபது நிமிடம் முழுக்க மனைவி நகைச்சுவை. மனைவி சமைத்தால் விஷம், மனைவி ஊருக்குப் போனால் தீபாவளி. பழைய வார இதழ்த் துணுக்குகளைத் தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தார் அந்த மனிதர். என் கணவர் சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பினார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். விழுங்கியதில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நான்தான் கொடுத்தேன். திரும்பி வரும்போது வண்டியில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஒரு பேச்சும் இல்லை.

ரசவாளி, "நாலாவது நிற்கும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். முதல் மூன்றும் யார் தலையில் விழுகின்றன என்று பார்த்தீர்களா? குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றில்லை. பிரவீன் குமாரும் குடும்பத்தைத்தான் பேசுகிறார், ஆனால் அவர் கதையில் அடி வாங்குவது பெரும்பாலும் அவரேதான். அதற்கு நான் சிரித்திருக்கிறேன். இதே கணவரோடு உட்கார்ந்துதான்.

ரசவாளி

அம்மா, நான் மனைவி கடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ரசத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கணக்குப்பிள்ளை

இவற்றையெல்லாம் படித்ததில், இங்குள்ள பாதிப் பேருக்கு நிகழ்ச்சி பார்க்கப் போகும் முறையே தெரியவில்லை என்று தெரிகிறது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முன்வரிசையில் உட்காராதீர்கள். மேடை விளக்கின் வெளிச்சம் சிந்தும் இடம் வரைதான் கலைஞருக்கு முகங்கள் தெரியும், அதற்கப்பால் வெறும் இருட்டு. முகம் தெரிந்தவரிடம்தான் பேச்சுக் கொடுப்பார். தாமதமாக உள்ளே நுழையாதீர்கள், அன்றைய முதல் பத்து நிமிடம் உங்களைப் பற்றியதாகிவிடும். என்ன வேலை என்று கேட்டால் கணினித் துறை என்று உண்மையைச் சொல்லாதீர்கள், அதற்குப் பத்துப் பதில்கள் கையில் வைத்திருப்பார். தணிக்கைத் துறை என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார், நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியில் வரும் ஒரு நிமிடத் துண்டைப் பார்த்து டிக்கெட் எடுப்பது பெரிய தவறு. அது பாலின் மேல் படிந்த ஏடு. அடியில் எவ்வளவு தண்ணீர் என்று குடித்தால்தான் தெரியும். ஒரே ஆளைத் தொடர்ந்து பத்து நிமிடம் பாருங்கள். புதிய சரக்கைச் சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சி என்று போட்டிருந்தால் விலை குறைவாக இருக்கும், பாதி வேகாமலும் இருக்கும். பெரியவர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள். மொழியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அரவிந்த் எஸ்.ஏ.யின் ‘மதராஸி டா’ என்ற பெயரை நம்பி முழுத் தமிழ் என்று நினைத்து உட்கார்ந்தால் ஆங்கிலம்தான் நிறைய வரும். பசியோடு போகாதீர்கள், பசித்தவனுக்குச் சிரிப்பு வராது.

என் அனுபவம்: ஒருமுறை முன்வரிசையில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

மாடிப்படி மைனா

தணிக்கைத் துறை என்று நேற்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் இந்த டிக்கெட்டுக்கு ரசீது வைத்திருக்கிறீர்களா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை. நன்றி.

வைகைக்கரை

இந்த வாரம் மதுரை போயிருந்தேன். காலையில் அப்பாவைத் தேடிக்கொண்டு டீக்கடைக்குப் போனால், பெஞ்சில் எதிர்வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மின்விசிறிக் கதை. லிஃப்ட் என்றால் எதிர்வீட்டுக்காரருக்கு ஒட்டாது என்று நினைத்தாரோ என்னவோ, கோயில் கமிட்டிக் கூட்டத்தில் மைக் செட்டுக்காக நடந்த சண்டையாக மாற்றியிருந்தார். மற்றபடி ஒரு வரி விடவில்லை. பையன் எங்கே நிறுத்தினானோ அங்கேயே நிறுத்தினார், எங்கே குரலைத் தாழ்த்தினானோ அங்கேயே தாழ்த்தினார். எதிர்வீட்டுக்காரர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பா அப்போதும் சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு டீ சொன்னார். நானும் எதுவும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை

இரண்டாவது வரிசையும் முன்வரிசைதான்.