ஸ்டென்ட் வைத்த அப்பாவை ஸ்னோ அள்ளாமல் நிறுத்துவது எப்படி?

நிலா_ஸ்கார்பரோ:

அப்பாவுக்கு 66 வயது. ஓகஸ்டில் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் (அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார், படி ஏறுகிறார், தமிழ்க் கடையில் அரிசி மூட்டையைக்கூட அவரே தூக்கிக் காரில் வைக்கிறார். பிரச்சினை ஸ்னோதான். நாங்கள் எழும்புவதற்கு முன்னமே, விடிய ஐந்தரைக்கு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஷவலோடு வெளியே போய்விடுகிறார். கேட்டால் "டொக்டரும் உடம்பை அசைக்கச் சொன்னவர்தானே பிள்ளை" என்கிறார். முன்வீட்டுக்காரர் ஏழு மணிக்கு முதல் தன் பக்கத்தைத் துப்புரவாக்கிவிடுவார். அவரிடம் தோற்கக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

டொக்டரை அடுத்த மாதம்தான் பார்க்கலாம். இரண்டு கார் நிற்கிற டிரைவ்வே. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் பரவாயில்லையா? ஸ்னோவை அள்ளி வீசும் மெஷின், ஸ்னோ ப்ளோவர், வாங்கிக் கொடுக்கலாமா?

மார்க்கம்_மாமா:

தங்கச்சி, நானும் பைபாஸ் செய்த ஆள். அதனால் உங்கள் அப்பாவின் மனம் எனக்கு விளங்கும். ஆனாலும் சொல்கிறேன், அள்ள விடாதீர்கள். டொக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஷவலை ஒளித்து வையுங்கள்.

"கூடாது" என்றால் இந்த வயதில் ஒருவரும் கேட்க மாட்டோம். கணக்கைக் காட்டுங்கள். இரண்டு கார் டிரைவ்வே 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்று வைப்போம். 20 சென்டிமீட்டர் ஸ்னோ விழுந்தால் 12 கன மீட்டர். பொடிப்பொடியான ஸ்னோவே ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். மொத்தம் 1200 கிலோ. அவர் தூக்குகிற 20 இறாத்தல் அரிசி மூட்டையில் நூற்றிமுப்பதுக்கு மேல்! ஈர ஸ்னோ என்றால் இதன் இரண்டு மடங்கைத் தாண்டும். அதை வெறும் வயிற்றோடு, மைனஸ் 15இல், முன்வீட்டுக்காரரோடு போட்டி போட்டு.

1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதய நோய் இல்லாத, உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லாத பத்து ஆண்களை ஸ்னோ அள்ள விட்டார்கள். இரண்டு நிமிடத்திலேயே அவர்களின் இதயத் துடிப்பு பாதுகாப்பான மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. நம் பக்கத்துக் கியூபெக்கிலும் 1981 முதல் 2014 வரையான மாரடைப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பெரிய ஸ்னோவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடியிருந்தது, பெண்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஏன் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்லுவா.

ப்ளோவர் ஷவலை விட நல்லது, ஆனால் அதைத் தள்ளித் திருப்புவதும் வேலைதான், டொக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற மெஷின் மட்டும் வேண்டாம். குளிரில் அது ஒரே இழுப்பில் ஓடாது, இழுக்கும்போதே மூச்சு வாங்கும். பட்டன் அமத்தினால் ஓடுவது பாருங்கள்.

இன்னொன்று. நமக்கு மிகவும் ஆபத்தான இடம் டிரைவ்வேயின் வாசல். எல்லாம் முடித்து நிமிரும்போது தெரு ஸ்னோவைத் தள்ளும் சிற்றி வண்டி வந்து ஒரு மேட்டைக் குவித்துவிட்டுப் போகும். ஐஸ் கட்டி, உப்பு, சேறு எல்லாம் சேர்ந்து இறுகிக் கிடக்கும். ஏற்கெனவே களைத்த மனுசன், வேலைக்குப் போகிறவர்களின் கார் வெளியே வர வேண்டுமே என்று, பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்து அதைக் குத்துவார். அந்தப் பத்து நிமிடத்தை யாராவது இளம் ஆளிடம் கொடுத்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு என்ன உதவி உண்டு என்று சிற்றியின் தகவல் எண்ணான 311க்கு அடித்துக் கேளுங்கள்.

வசந்தி_தாதி:

நான் ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் வேலை செய்கிறேன். மாமா சொன்னது சரி. நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. நடக்கும்போது கால் வேலை செய்கிறது, இதயம் பழகிவிடும். அள்ளும்போது கால் நின்ற இடத்தில் நிற்க, கை பாரம் தூக்குகிறது. மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும், குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கும். விடிகாலை வேறு மாரடைப்புக்குப் பேர்போன நேரம்.

கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து அள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா ப்ளொக்கர் குளுசை போடுகிறவருக்கு இதயம் திணறும்போதும் எண் குறைவாகவே காட்டும். நீரிழிவு இருந்தால் நெஞ்சு நோ வராமலே மாரடைப்பு வரலாம். தாடை, தோள், முதுகில் இழுவை, குளிரிலும் வியர்வை, குமட்டல், என்றும் இல்லாத களைப்பு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்த வேண்டும்.

நெஞ்சு நோ வந்தால் நாக்கின் கீழ் அடிக்கிற நைட்ரோ ஸ்ப்ரே தந்திருந்தால் காரில் அல்ல, உள்சட்டைப் பையில் இருக்கட்டும். கதிரையில் இருந்துகொண்டு அடிக்க வேண்டும், நின்றபடி அடித்தால் தலை சுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் நோ குறையாவிட்டால் அம்புலன்ஸுக்கு 911 அடியுங்கள். ஸ்ப்ரே இல்லையென்றால் உடனேயே 911. நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம். அப்புறம், வயாகரா போன்ற குளுசை போட்டிருந்தால் அந்த ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அப்பாக்கள் இதை மகளிடம் சொல்ல மாட்டார்கள், டொக்டரிடமாவது சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்டென்டுக்கு இரத்தம் உறையாமல் குளுசை போடுவாரே, ஐஸில் விழுந்து தலை அடிபட்டால் காயம் இல்லாவிட்டாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.

நிலா_ஸ்கார்பரோ:

அரிசி மூட்டைக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப உப்பாவது போடலாமோ" என்று கேட்கிறார்.

வசந்தி_தாதி:

இருப்பது தேய்ந்த சப்பாத்து என்றால் அதுவும் வேண்டாம். நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் போட்டு, வெளிச்சம் வந்த பிறகு, சின்ன வாளியில் கொஞ்சமாக எடுத்துத் தூவலாம். பெரிய உப்பு மூட்டையை அவர் தூக்கக் கூடாது. மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது, மணல் போடுங்கள்.

ஏஜாக்ஸ்_அம்மா:

உங்கள் தெருவில் ஹைஸ்கூல் பிள்ளைகள் இல்லையா? ஒன்ராறியோவில் பட்டம் எடுக்க அவர்களுக்கு 40 மணி நேரம் வொலண்டியர் வேலை வேண்டும். வயதானவர்களுக்கு ஸ்னோ அள்ளுவது பெரும்பாலும் அதில் சேரும், பாடசாலையில் ஒருக்கால் கேட்டுக்கொள்ளட்டும். என் மகன் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு அப்படித்தான் செய்கிறான். ஐயா கராஜ் வாசலில் நின்று "அந்த மூலையில் கிடக்கு, இந்த மூலையில் கிடக்கு" என்று காட்டுவார், கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அவருக்கும் வேலை செய்த திருப்தி.

ஒன்று மட்டும், லீவு நாளில் பெடியன் பத்து மணிக்கு முதல் எழும்ப மாட்டான். முன்வீட்டுக்காரரிடம் தோற்கத்தான் வேண்டிவரும் என்று அப்பாவிடம் இப்பவே சொல்லி வையுங்கள்.