மறுமொழி: அரைக்குருடா, கரைப்பார்வை இழப்பா?

வணக்கம் ஐயா.

மருத்துவச் சொற்பட்டியலில் 'bitemporal hemianopia' என்பதற்கு நீங்கள் முன்வைத்த 'இருபொட்டுப்புற அரைக்குருடு' (பொட்டு என்றால் நெற்றியோரம்) சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் எங்கள் கிளிநொச்சிப் பக்கம் அரைக்குருடு என்றால் ஒரு கண் போய்விட்டது என்றுதான் விளங்கும். இதில் இரண்டு கண்ணிலும் காதுப் பக்கத்துப் பாதி மட்டும் மறைகிறது.

என் சின்னம்மாவுக்கு வந்தது இதுதான். ஒரு வருடமாகத் தலையிடி, கண் உளைவு. உளைவைக் 'கண்நோய்' என்று துண்டில் எழுதி, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மாதவிடாய் நின்றதை அவர் சொல்லவே இல்லை. கண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிட்டார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்தார், நடுப்பார்வை நன்றாக இருந்ததே! ஆனால் சைக்கிளை உருட்டி வரும்போது படலைத் தூணில் தோள் இடிபடும். ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. "கரையால வாறது தெரியுதில்லை" என்பார்.

கடைசியில் பார்த்தால் மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியில் கட்டி. சுரப்பி பட்டாணி அளவுதான். அதற்குச் சற்று மேலே இரு கண் நரம்புகளும் சந்திக்கின்றன. கட்டி மேலெழுந்து அந்தச் சந்தியை அமத்தினால் வெளிப்பக்கப் பார்வை போகும். கட்டியால் பால் சுரக்க வைக்கும் புரோலக்ரின் ஓமோன் கூடினால் மாதவிடாயும் நிற்கும். (மூளையின் சளி மூக்கால் வடிகிறது என்று அக்கால மேலை வைத்தியர் நம்பியதால் வந்த பெயர் கபச்சுரப்பி. பிழையான நம்பிக்கைக்கு எவ்வளவு நல்ல தமிழ்!)

அதனால் 'கரைப்பார்வை இழப்பு' என்று வைப்போமா?

---

தங்கச்சி, 'கரை' நல்ல சொல். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஆற்றங்கரை நினைவு வரும், பரவாயில்லை. ஆனால் கண் நரம்பு கெடும் குளுக்கோமா நோயிலும் கரைதானே போகிறது? அங்கே பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் தொடங்கும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் வைத்தியருக்குப் பயனில்லை. 'இருகண் வெளிக்கரை இழப்பு' என்றால் பிரிந்து நிற்கும். அரைக்குருட்டை நான் மீளப் பெறுகிறேன்.

---

சரி ஐயா, வெளிக்கரையே இருக்கட்டும். 'கண் உளைவு'க்கும் பட்டியலில் தனி வரி போடுங்கள். தைரொயிட் கூடியவர்களுக்கும் கண் உளைந்து மணல் விழுந்தது போல அறுக்கும். அதையும் கண்நோய் என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம், புதுச் சொல்லைச் சின்னம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "வேலிக்கரையோ?" என்று கேட்டார்.