விரதத்தோடு குடியை நிறுத்திய அண்ணன்: சிங்கப்பூர்த் தைப்பூசத்துக்கு அப்புறம்?

ஈசூன் தங்கச்சி:
என் அண்ணன் பல வருஷமாகத் தினமும் குடிப்பவர். காவடிக்கு வேண்டிக்கொண்டு நேற்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இன்று காலை காப்பிக் குவளையைப் பிடிக்க முடியாமல் கை ஆடுகிறது, சட்டை நனைய வியர்க்கிறது. அம்மா, “விஷம் இறங்குது, முருகன் பார்த்துக்குவான்” என்கிறார். அப்படியே விடலாமா? போன வருஷமும் விரதம் முடிந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

தாதி:
இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். இல்லாத ஆள் தெரிகிறது, உளறுகிறார் என்றால் உயிருக்கே ஆபத்து, ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு. விரதத்தில் மாத்திரை போடலாமா என்று அம்மா கேட்டால், தாராளமாக. உடம்பு தேறியதும் புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின் போதைப்பழக்கப் பிரிவில் தொடர்ந்து பார்க்கலாம்.

பழைய காவடி:
தாதி சொன்னதை முதலில் செய்யுங்கள் தங்கச்சி. நானும் அந்த கேஸ்தான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடியோடு நடந்த ஆள், மறுநாள் சாயங்காலம் தேக்காவில் ஒரு காப்பிக்கடையைத் தாண்ட முடியவில்லை. விரதத்தில் கோயில், பஜனை, கூட்டாளிகள் என்று பொழுது போய்விடும். அலகைக் கழற்றியதும் ஒன்றுமே இருக்காது. அதே கூட்டாளிகள், “அதான் முடிஞ்சிருச்சுல்ல, வா” என்பார்கள். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பாவம்.

என்னை நிறுத்தியது ஏஏ கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் ஆரம்பித்தது, இரண்டு பேருமே குடிகாரர்கள். குடியை விட ஆசை இருந்தால் போதும், கட்டணம் இல்லை. கூட்டத்தில் அவர்கள் கடவுள் என்று சொல்கிற இடத்தில் நான் முருகனை வைத்துக்கொண்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனது இங்கிலீஷ் கூட்டம், எனக்கோ சரளமாக வராது. வாயே திறக்காமல் மைலோ குடித்துவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து நாற்காலிச் சீனப் பெரியவர் ஒரு ரசீதின் பின்னால் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். சம்பள நாளில் அவரைத்தான் அழைப்பேன். எந்தக் கடையில் மீன் சூப் நன்றாயிருக்கும் என்று பேசுவோம், அவ்வளவுதான்.

இப்போது காவடிக் குழுவில் தண்ணீர் தூக்குகிறேன். குடியை விட்ட பையன் எவனாவது இருந்தால், மறுநாள் சாயங்காலம் அவன் என்னோடுதான்.

ஈசூன் தங்கச்சி:
அவசரப் பிரிவில் காட்டினோம், வார்டில் சேர்த்துவிட்டார்கள். அம்மா திருநீற்றோடு பக்கத்தில் இருக்கிறார். அண்ணா, அந்தச் சாயங்காலத்துக்கு இவரையும் சேர்த்துக்கொள்வீர்களா?

பழைய காவடி:
நம்பரைத் தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன். அவரே கூப்பிடட்டும், நீங்கள் போன் போட்டுக் கையில் கொடுக்காதீர்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அம்மாவோடு போய்ப் பாருங்கள்.